கீழ்த்தட்டில் வைத்த தக்காளி

மார்ச் 4, புதன்

இன்று பல் செட் செய்கிற கூடத்தில் மூன்று கீழ்வரிசை, ஒரு மேல்வரிசை. பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிட்டது. ஓர் அச்சைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. முதலாளி பார்க்கவில்லை. பார்த்திருந்தால், "கஞ்சியா காய்ச்சுற?" என்று ஆரம்பித்திருப்பார்.

நாத்தனார் வந்து நான்கு நாள் ஆகிறது. திங்கட்கிழமை வலது கண்ணில் புரை ஆபரேஷன். தனியாக இருக்கிறவர், சொட்டு மருந்து போட ஆள் வேண்டுமே என்று இவர்தான் போய்த் தன் அக்காவைக் கூட்டி வந்தார். மாதம் முழுக்க இங்கேதான். கண்ணில் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். குனியக் கூடாது, இருமக் கூடாது, வாந்தி வரக் கூடாது என்று டாக்டர் ஏகப்பட்ட கூடாது சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. "நாக்கு செத்துப்போச்சும்மா" என்று இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். தள்ளுவதற்கு முன்னால் மறக்காமல், "உப்பு கம்மி."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவருக்கு நான் பரிமாறிய முதல் சாப்பாட்டிலிருந்து இதே உப்பு கம்மிதான். "கடல் தண்ணியக் குடுத்தாலும் எங்கக்கா உப்பு கம்மின்னுதான் சொல்லும், விடு" என்பார் இவர். விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு நாளாகத் திரும்பக் கேட்கும்போதுதான் தெரிகிறது, விடவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் கறி, மீன் தொடமாட்டார். எதை வைத்தாலும் முதலில் ஒரு கேள்வி: "இதுல ஒண்ணும் இல்லையே?" நானும், "இல்லக்கா." ஒரு நாளைக்கு மூன்று வேளை. வெறும் தயிரை வைத்தாலும் கேட்கிறார். பிடிவாதம் பிடித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் பிடிவாதம்.

மார்ச் 7, சனி

கூடத்தில் மெழுகுக்காரம்மா ஒரு செய்முறை சொன்னாள். பல் வரிசைக்கு மெழுகு செதுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சமையலையும் அதே கணக்கில்தான் சொல்வாள். கெட்டியான தக்காளியாகப் பார்த்து எடு. தலையை மூடி போல வெட்டு. உள்ளே இருப்பதைக் கரண்டியால் சுரண்டி எடு, சுவர் கிழியக் கூடாது. உள்ளே உப்புத் தடவி அரை மணி கவிழ்த்து வை, தண்ணீர் வடியட்டும். அரைவேக்காட்டுச் சோறு, வதக்கிய வெங்காயம், சுரண்டிய சதை, ரொட்டித்தூள், கொஞ்சம் சீஸ். திணித்து, மூடியை வைத்து, ஓவனில் நாற்பது நிமிஷம்.

"சைவக்காரங்களுக்குத் தொட்டுக்க வெச்சா வாயே திறக்கமாட்டாங்க, சாப்பிடத் தவிர" என்றாள். நாளைக்கு எங்களுக்கு வழக்கம்போல் ஓவனில் கோழி. நாத்தனாருக்கு இதைச் செய்து பார்க்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பிட்டார்! இரண்டு தக்காளி. மூடியைக்கூட விடவில்லை. வழக்கம்போல, "இதுல ஒண்ணும் இல்லையே?" "சோறும் வெங்காயமும்தான்க்கா." முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார், ஒற்றைக் கண்ணால். "நல்லா இருக்கும்மா." இவர் கையில் இருந்த கோழிக்கால் அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

மணி நாலு. மேலே உள்ளதை எழுதிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனேன்.

தக்காளித் தட்டின் ஓரமெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. சீஸ் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். சீஸ் இல்லை. கொழுப்பு. கோழிக் கொழுப்பு.

எப்போதும் கோழியை மேலே கம்பித்தட்டில் வைத்து, கீழே சொட்டுகிறதைப் பிடிக்க ஒரு காலித் தட்டு வைப்பேன். இன்று இரண்டு தடவை ஓவன் போடுவானேன் என்று, அந்தக் காலித் தட்டு இருக்கும் இடத்தில் தக்காளியை வைத்துவிட்டேன். இரண்டும் ஒன்றாக வெந்துவிடும் என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சொட்டினது முழுக்க எங்கே போயிருக்கும்? இதுகூடத் தோன்றவில்லையே எனக்கு. பதினெட்டு வருஷமாக அதே ஓவன், அதே கோழி.

அவர் உள்ளே தூங்குகிறார். இந்த ஒரு வாரத்தில் பகலில் இப்படித் தூங்கியதே இல்லை. இப்போது எழுப்பிச் சொன்னால் கண்டிப்பாக வாந்தி எடுப்பார். வாந்தி எடுத்தால் கண்ணுக்கு ஆபத்து. டாக்டரே சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 9, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

கோழி இல்லாமல், தக்காளியை மட்டும் தனியாகச் செய்தேன். தட்டைச் சோடா போட்டு மூன்று முறை தேய்த்தேன். நல்லபடியாக ஒரு தடவை கொடுத்துவிட்டால் பழைய தப்பு கொஞ்சம் கரையும் என்று ஒரு நினைப்பு.

பாதி சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "அன்னைக்கு மாதிரி வரலையேம்மா. உப்பும் கம்மி."

மகள் சிரித்தாள். இவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய் மிச்சப் பாதியை நின்றுகொண்டே தின்றேன். நன்றாகத்தானே இருக்கிறது? என்ன குறை? எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏமாற்றியவள் நான், கோபமும் எனக்கே வருகிறது.

மார்ச் 13, வெள்ளி

கண் மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ குறைந்திருக்கிறார். "வீட்டுல சரியா சாப்பாடு குடுக்குறீங்களா?" என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். நாத்தனார் முந்திக்கொண்டு, "அவ நல்லாத்தான் செய்றா. அந்தத் தக்காளி ஒண்ணு செஞ்சா பாருங்க, ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்துவிட்டார். நர்ஸுக்குச் செய்முறை முழுக்க ஒப்பித்தார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மேலே கோழி. கீழே தக்காளி.

நான் எதையும் கலக்கவில்லை. எதையும் ஊற்றவில்லை. தட்டை வைத்தேன், அவ்வளவுதான்.

மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அம்மா, மேல இருந்து சொட்டாதா?" என்றாள். "போய் மேசையத் துடை" என்றேன். போய்த் துடைத்தாள்.

மூன்று சாப்பிட்டார்.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இவர் கிண்டலாக, "என்னக்கா, விசாரணை இல்லையா இன்னைக்கு?" என்றார். அதற்கு அவர், "இவகிட்ட என்ன கேக்குறது. இவளுக்குத் தெரியாததா?" என்றார். பிறகு யாரோ தோழிக்குப் போன் போட்டு, "என் தம்பி பொண்டாட்டி கை மணம் இருக்கே" என்று பத்து நிமிஷம் பேசினார். நான் பாத்திரம் துலக்குகிற சாக்கில் குழாயை வேகமாகத் திறந்துவிட்டேன், காதில் விழாமல் இருக்க.

அவர் உடம்புக்காகத்தான் செய்தேன். எடை குறைகிறதே.

அதற்காகவா செய்தாய்? நிஜமாகவா?

மார்ச் 18, புதன்

இன்று கேட்டுவிட்டேன், இவரிடம். துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, சும்மா கேட்பது போல. "உங்கக்கா எப்போலேந்து சைவம்? உங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடுறவங்கதானே?"

இவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதைக் கேட்டாலும் பாதி நக்கலாகத்தான் பதில் வரும். இன்று வரவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தார்.

"அப்பா படுத்துட்டாரு. அக்காவுக்கு அப்போ பத்தொம்போது வயசு. கோழி உரிக்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போச்சு. காலையில ஆறு மணிலேந்து குளிர் அறையில நின்னு, கொக்கியில மாட்டி மாட்டி விடணும். ஒன்றரை வருஷம். நான் படிக்கத்தான் போச்சு."

"அப்புறம்?"

"வந்து எவ்ளோ சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாடை போகாது. முழங்கை வரைக்கும் தேச்சுத் தேச்சுக் கழுவும். எனக்குப் பத்து வயசு. ஒரு நாள் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நாறுது, தள்ளிப் போன்னு சொல்லிட்டேன்." சட்டையை இன்னொரு தடவை பிரித்தார். "தள்ளிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் அது கறியும் தொடல, என் பக்கத்துல வந்து உக்காரவும் இல்ல. நான் இன்னும் மன்னிப்புக்கூடக் கேக்கல."

முப்பத்தைந்து வருஷம். நான் பிடிவாதம் என்று எழுதியிருக்கிறேன் மேலே. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும், என் கண்ணில் படட்டும்.

கோழி. மீன்கூட இல்லை. கோழி! நான் என்ன பண்ணிட்டேன்... என்னத்தைப் பண்ணித் தொலைச்சேன் நான்.

மார்ச் 20, வெள்ளி

ஒரு கீழ்வரிசையில் கடைவாய்ப் பற்களை இடம் மாற்றி வைத்துவிட்டேன். மெழுகுக்காரம்மாதான் கண்டுபிடித்தாள். "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள். சொல்லிவிட்டேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமையையும்.

முதலில் அவளுக்குத் தன் செய்முறை பற்றித்தான் கவலை. "நான் சொன்னதுல கோழி எங்கடி வந்துச்சு?" பிறகு மெழுகைக் கீழே வைத்தாள். "இன்னும் ஒரு வாரத்துல அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க. வாயத் திறக்காத. தெரியாதவரைக்கும் அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதுதான் கொடுமை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது. இறங்குகிற வரைக்கும்தான்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒன்றும் பூசி மெழுகாமல்.

காலையில் கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாத்தனார் பென்சிலும் சின்ன நோட்டுமாக அடுப்படிக்கு வந்தார். கண் மூடியை எடுத்தாகிவிட்டது. "பளிச்சுனு தெரியுதும்மா. உன் அடுப்படி இவ்ளோ பிசுக்கா இருக்குன்னு இப்பதான் தெரியுது" என்று சிரித்தார். அடுத்த வாரம் தன் வீட்டுக்குப் போவதற்குள் அந்தத் தக்காளியைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பள்ளி அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்குச் செய்துகொண்டு போய்க் கொடுக்க வேண்டுமாம்.

சேர்ந்து செய்தோம். அவரே சுரண்டினார். என்னைவிட நிதானமான கை, ஒரு சுவர்கூடக் கிழியவில்லை. கவிழ்த்து வைத்துக் காத்திருக்கும் அரை மணியில் மகள் சின்ன வயதில் பண்ணின குறும்பையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இப்படி உட்கார்ந்து பேசியதில்லை. செய்முறையை ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். உப்புக்கு எத்தனை சிட்டிகை என்பதை இரண்டு முறை கேட்டு எழுதினார்.

ஓவனைத் திறந்தேன்.

"எந்தத் தட்டுல வைக்கணும்?"

"கீழ" என்று வாயில் வந்துவிட்டது.

எழுதினார். கீழ்த்தட்டு. எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டார். போட்டுவிட்டு, "மேல காலியாத்தானே கெடக்கு, மேல வெச்சா சீக்கிரம் ஆகாதா?" என்று கேட்டார். சும்மா, கற்றுக்கொள்கிறவர் கேட்கிற கேள்விதான். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மேலே சூடு அதிகம், கருகிவிடும் என்று சொல்லியிருந்தால் அதையும் எழுதிக்கொண்டிருப்பார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே என்னால் முடியவில்லை.

"மேல கோழி இருந்துச்சுக்கா."

"என்னைக்கு?"

"உங்களுக்கு நல்லா இருந்த ரெண்டு தடவையும். அது சொட்டியிருக்கு, தக்காளி மேல. முதல் தடவை தெரியாம நடந்துச்சு. பாத்திரம் கழுவுறப்பதான் பாத்தேன்."

"ரெண்டாவது தடவை?"

"தெரிஞ்சுதான் வெச்சேன்."

பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினார். கத்துவார் என்று நின்றேன். கத்தியிருக்கலாம்.

"எத்தனை தின்னேன் நான்?"

"அஞ்சு."

குழாயடிக்குப் போனார். சோப்பு எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். துடைத்தார். திரும்பவும் சோப்பை எடுத்து இன்னொரு தடவை கழுவினார். இன்று அந்தக் கையில் பட்டது தக்காளியும் சோறும் மட்டும்தான். நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை, புடவையிலேயே துடைத்துக்கொண்டார்.

"வெந்ததும் எடுத்துடு. கருகிடப் போகுது" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நோட்டு மேசையிலேயே கிடக்கிறது.

மார்ச் 23, திங்கள்

இவரிடம் நானே சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மொதத் தடவை சரி. தெரியாம நடந்தது. ரெண்டாவது?"

"நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

அவர் உடம்புக்காக, எடைக்காக என்று இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேனே, அதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது. இவர் கேட்டதும் வாயில் வந்தது இதுதான். இவர் எழுந்து வேலைக்குப் போனார்.

மார்ச் 24, செவ்வாய்

போய்விட்டார், ஐந்து நாள் முன்னதாகவே. என்னிடம், "சொட்டு மருந்து ஃப்ரிட்ஜுல இருக்கு, எடுத்துக் குடு" என்றார். கொடுத்தேன். அவ்வளவுதான் பேச்சு.

ஏப்ரல் 5, ஞாயிறு

போனில் தம்பியிடம் பேசுகிறார், மகளிடம் பேசுகிறார். நான் வாங்கினால், "சரிம்மா, வெச்சுடட்டுமா?" முகம் கொடுத்துப் பேசவில்லை என்று குறைப்பட எனக்கு என்ன யோக்யதை?

ஏப்ரல் 12, ஞாயிறு

ஓவனில் கோழி வைப்பதை நிறுத்திவிட்டேன். அடுப்பில்தான் இனிமேல். ஓவனைப் பிரித்துப் பிசுக்கெல்லாம் சுரண்டினேன். தக்காளிக்கென்று தனியாக ஒரு தட்டு வாங்கினேன்.

செய்து செய்து பார்க்கிறேன். சுரண்டிய சதையை அப்படியே போடாமல் நன்றாகச் சுண்டி நிறம் மாறும்வரை வதக்கினால் ருசி ஏறுகிறது. முந்திரியை வறுத்துப் பொடித்துப் போட்டால் இன்னும் கொஞ்சம். "அம்மா, நான் தக்காளியா மாறிடப் போறேன்" என்கிறாள் மகள். ஒன்று கேட்டாள்: "அன்னைக்கு நான் சொன்னேன்ல, சொட்டும்னு?" சொன்னாய், என்றேன். நான்தான் உன்னை மேசை துடைக்க அனுப்பினேன் என்றேன். அவளிடமும் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 26, ஞாயிறு

வந்தார்! மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவைத்துவிட்டாள்.

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அவர் சாப்பாட்டை அவரே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எல்லோரோடும் உட்கார்ந்து அதிலிருந்து சாப்பிட்டார். என் வீட்டுத் தண்ணீர் மட்டும் குடித்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? என் கையால் எதையும் சாப்பிடப் போவதில்லையே. ஒரு காலத்தில் நாளைக்கு மூன்று முறை எரிச்சலோடு பதில் சொன்னவள், இன்று அவர் கேட்கமாட்டாரா என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டபின் இவர் போய் சோபாவில் அக்காவை ஒட்டி உட்கார்ந்தார். தோளோடு தோள் இடிக்க. அவர் லேசாகத் தள்ளி உட்காரப் பார்த்தார். இவர் விடவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மே 10, ஞாயிறு

டப்பா.

மே 24, ஞாயிறு

டப்பா. போகும்போது, "ஓவன மாத்திட்டியா?" என்றார். இல்லக்கா, கழுவினேன் என்றேன். திறந்து பார்த்தார். மேல், கீழ் இரண்டு தட்டையும் பார்த்தார். மூடினார்.

ஜூன் 7, ஞாயிறு

இன்றும் டப்பா வந்தது. மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில்.

தக்காளி ஆறு செய்திருந்தேன், வழக்கம்போல எங்கள் மூன்று பேருக்கும். நடுவில் வைத்தேன். அவர் பக்கம் தள்ளவில்லை. அந்த உரிமையெல்லாம் எனக்கு இல்லை.

அவர் டப்பா மூடியில் கை வைத்தவர் திறக்கவில்லை. தக்காளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு கண்ணாலும், நன்றாக.

"இதுல ஒண்ணும் இல்லையே?"

இவரும் மகளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"சோறு, வெங்காயம், ரொட்டித்தூள், முந்திரி, சீஸ், தக்காளிச் சதை. தனித் தட்டு. ஓவன்ல வேற எதுவும் வைக்கல. இன்னைக்கு மட்டும் இல்ல, ஏப்ரல்லேந்தே வைக்கலக்கா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து, மூடியை ஓரமாக ஒதுக்கி, ஒரு வாய் எடுத்தார். மென்றார். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு இவ்வளவு சத்தம் உண்டென்று இன்றுதான் தெரிந்தது.

"உப்பு கம்மி" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த வாய் எடுத்தார். முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்தார்.

அவர் போனபின் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்துத் தின்று பார்த்தேன். உப்பு கம்மிதான்.